முடுக்கியின் வாசலிலிருந்து பின்னோக்கி: அயனிகளை உள்ளே செலுத்தும் அமைப்பை வடிவமைப்பது எப்படி?

கேள்வி: "எங்கள் குழு ஒரு சிறிய புரோட்டான் முடுக்கிக்குத் திட்டம் போடுகிறது. 352 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் ஆர்எஃப்க்யூ (RFQ, ரேடியோ அதிர்வெண் நான்முனை முடுக்கி) ஒன்று கிடைக்கவிருக்கிறது. அதற்குள் 50 கிலோ எலக்ட்ரான்வோல்ட் ஆற்றலில் 10 மில்லி ஆம்பியர் புரோட்டான் கற்றையைச் செலுத்த வேண்டும். எந்த அயனி மூலத்தை வாங்கலாம்? அதற்கும் ஆர்எஃப்க்யூவுக்கும் நடுவில் என்னவெல்லாம் வைக்க வேண்டும்?"

கேள்வியின் வரிசையைப் புரட்டிப்போட்டுத்தான் பதில் சொல்லப் போகிறேன். அயனி மூலத்தை, அதாவது வாயுவைப் பிளாஸ்மாவாக்கி அயனிகளைத் தரும் கருவியை, கடைசியில் பார்க்கலாம். முதலில் மூலத்தை வாங்கிவிட்டு, அதிலிருந்து வருவதை எப்படியாவது முடுக்கிக்குள் திணிக்கலாம் என்று இறங்கியவர்கள் பலர். கற்றையில் பாதி ஆர்எஃப்க்யூவின் முகப்பிலேயே மோதி வீணாவதைப் பார்த்த பிறகுதான் கணக்குப் போட உட்கார்வார்கள். நீங்கள் அந்தக் கணக்கை முன்னாலேயே போட்டுவிடுங்கள்.

ஆர்எஃப்க்யூ என்பது நான்கு செம்புத் தகடுகளுக்கு நடுவே ரேடியோ அதிர்வெண் மின்புலத்தை நிறுத்தி, கற்றையைக் குவித்தல், கொத்துக்கொத்தாகப் பிரித்தல், முடுக்குதல் ஆகிய மூன்று வேலைகளையும் ஒரே குழிக்குள் செய்யும் கருவி. சோவியத் யூனியனில் கப்சின்ஸ்கியும் தெப்லியகோவும் 1970-இல் முன்வைத்த யோசனை. அது வருவதற்கு முன், அயனிகளுக்கு முதல் தள்ளு கொடுக்க ஒரு பெரிய கூடம் நிறைய உயர் மின்னழுத்தக் கருவி தேவைப்பட்டது. செர்ன் என்ற ஐரோப்பியத் துகள் ஆய்வகத்தில் 1978-இல் தொடங்கிய லினாக் 2 முடுக்கியின் முன்னால் 750 கிலோவோல்ட் காக்ராஃப்ட்–வால்டன் இயந்திரம் நின்றது. 1993-இல் அதை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு ஆர்எஃப்க்யூவை வைத்தார்கள். உங்களுக்கு 750 கிலோவோல்ட்டுக்குப் பதில் 50 போதும் என்றால் அது இந்தக் கருவி செய்த உபகாரம்.

உபகாரத்துக்கு ஒரு விலையும் உண்டு. வாசல் மிகச் சின்னது. 50 கிலோ எலக்ட்ரான்வோல்ட் புரோட்டான் நொடிக்குச் சுமார் 3,100 கிலோமீட்டர் ஓடும். ஒளியின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு. 352 மெகாஹெர்ட்ஸில் பாதிச் சுழற்சிக்குள் அது கடக்கும் தூரம் 4.4 மில்லிமீட்டர்தான். ஆர்எஃப்க்யூவின் முதல் அறைகளின் நீளம் அதுவே. இவ்வளவு நுணுக்கமான அமைப்பின் வாயில் கற்றை சும்மா வந்து நின்றால் போதாது. 2 மில்லிமீட்டர் ஆரத்துக்குள், கூம்பு போல வேகமாகக் குவிந்துகொண்டே நுழைய வேண்டும். எந்த ஆரம், எந்தக் கோணம், எவ்வளவு எமிட்டன்ஸ் என்று ஆர்எஃப்க்யூவை வடிவமைத்தவர்கள் எண்களாகவே தருவார்கள். அந்தத் தாளை வாங்காமல் ஒரு போல்ட்டுக்குக்கூட ஆர்டர் கொடுக்காதீர்கள்.

எமிட்டன்ஸ் என்ற சொல்லைக் கொஞ்சம் நிறுத்திப் பார்ப்போம். கற்றை எவ்வளவு அகலம், அதிலுள்ள அயனிகளின் திசைகள் எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற இரண்டையும் சேர்த்து அளக்கும் பரப்பு அது. லென்ஸ் வைத்து அகலத்தைக் குறைத்தால் கோணச் சிதறல் கூடும். கோணத்தைக் குறைத்தால் அகலம் கூடும். பஞ்சு மூட்டையை ஒரு பக்கம் அமுக்கினால் மறுபக்கம் பிதுங்குவது போல. சாதாரண லென்ஸ்களால் மொத்தப் பரப்பைக் குறைக்க முடியாது, ஆனால் கெடுப்பது மிகச் சுலபம். முதல் ஒன்றரை மீட்டரில் கெட்ட எமிட்டன்ஸை அதற்கப்புறம் வரும் எந்தக் கருவியும் சரிசெய்து தராது. இந்த வகை ஆர்எஃப்க்யூக்கள் பொதுவாக 0.2 முதல் 0.3 மி.மீ. மில்லிரேடியன் அளவை எதிர்பார்க்கும் (ஆற்றலுக்கேற்ப இயல்பாக்கிய சராசரி வர்க்க மதிப்பில்).

சரி, வாசலிலிருந்து ஒரு அடி பின்னால் வருவோம். லென்ஸ்கள்.

வட்டமான கற்றைக்கு வாசலில் சரிசெய்ய வேண்டியவை இரண்டு: அளவும், குவியும் கோணமும். இரண்டு அளவுக்கு இரண்டு திருகு. அதனால்தான் உலகம் முழுக்க இந்த இடத்தில் இரண்டு சொலினாய்டு காந்தங்களை (கற்றையைச் சுற்றி நிற்கும் கம்பிச் சுருள்கள்) பார்ப்பீர்கள். உங்கள் கற்றைக்கு, 20 செ.மீ. நீளமும் 0.25 டெஸ்லா புலமும் உள்ள ஒரு சொலினாய்டின் குவியத் தூரம் ஏறக்குறைய 33 செ.மீ. வரும். தண்ணீரால் குளிர்வித்த சாதாரணச் செம்புச் சுருளே போதும், மீக்கடத்தியெல்லாம் வேண்டாம். சொலினாய்டின் துளையில் பாதிக்கு மேல் கற்றை நிரம்பாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். ஓரத்தில் ஓடும் அயனிகள் தேவைக்கு மேல் வளைக்கப்படும், எமிட்டன்ஸ் அங்கேதான் முதலில் கெடும்.

சொலினாய்டு இன்னொரு வேலையையும் இலவசமாகச் செய்கிறது. ஹைட்ரஜன் மூலத்திலிருந்து புரோட்டான் மட்டும் வருவதில்லை. இரண்டு அணுவும் மூன்று அணுவும் ஒட்டிய மூலக்கூறு அயனிகளும் கூடவே வரும். ஒரே ஆற்றலில் அவற்றுக்கு உந்தம் அதிகம் என்பதால், புரோட்டானுக்கு 33 செ.மீ. என்றால் அவற்றுக்குக் குவியத் தூரம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு. புரோட்டான் குவியும் இடத்தில் ஒரு துளைத் தட்டை வைத்தால் அவை சிதறி அந்தத் தட்டிலேயே விழும்.

காந்தத்துக்குப் பதிலாக மின்புல லென்ஸ் வைக்கலாமே, மலிவாயிற்றே என்று யாராவது சொல்வார்கள். மைக்ரோ ஆம்பியர் கற்றைக்கு அது நல்ல யோசனை. உங்கள் 10 மில்லி ஆம்பியருக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஏன் என்பதுதான் இந்த வடிவமைப்பின் உயிர்நாடி, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

புரோட்டான்கள் எல்லாம் நேர் மின்னூட்டம். ஒன்றையொன்று விலக்கும். வேகமாக ஓடும்போது இந்த விலக்கத்தைப் பெரிதாக உணர மாட்டோம். 50 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் அவை மெதுவாக ஓடுபவை, நெருக்கமும் அதிகம். 10 மில்லி ஆம்பியர் கற்றையின் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே மட்டும் 29 வோல்ட் வித்தியாசம் இருக்கும். 50,000 வோல்ட்டின் முன் 29 வோல்ட் என்ன செய்துவிடும் என்று தோன்றும். 5 மி.மீ. ஆரத்தில் இணையாக ஓடத் தொடங்கும் கற்றை, லென்ஸ் எதுவும் இல்லாவிட்டால், 31 செ.மீ. தூரத்துக்குள் இரட்டிப்பாக வீங்கிவிடும். மூலத்துக்கும் ஆர்எஃப்க்யூவுக்கும் நடுவே இரண்டு சொலினாய்டு, அளவிடும் கருவிகள், பம்பு, வால்வு எல்லாம் வைத்தால் ஒன்றரை மீட்டர் ஆகும். கணக்கு எங்கே போகிறது என்று பாருங்கள்.

காப்பாற்றுவது குழாயில் மிச்சமிருக்கும் வாயு. கற்றை ஓடும்போது அந்த வாயு மூலக்கூறுகளில் மோதி எலக்ட்ரான்களை உதிர்க்கும். நேர் மின்னூட்டம் கொண்ட கற்றை ஒரு குழி மாதிரி. எலக்ட்ரான்கள் அதில் விழுந்து அங்கேயே தங்கிவிடும். வாயுவிலிருந்து உருவான மெதுவான நேர் அயனிகளை மட்டும் கற்றை சுவருக்குத் தள்ளிவிடும். கொஞ்ச நேரத்தில் எலக்ட்ரான்கள் சேர்ந்து விலக்கத்தின் பெரும்பகுதியை அடக்கிவிடுகின்றன. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து அடங்கினால் கற்றைக்குத் தான் அரை மில்லி ஆம்பியர் போலத் தோன்றும்; முன்பு 31 செ.மீ.யில் வீங்கியது இப்போது 1.4 மீட்டர் வரை தாங்கும்.

இங்கே மின்புல லென்ஸை வைத்தால் அதன் புலம் அந்த எலக்ட்ரான்களை எல்லாம் வழித்து எடுத்துவிடும். சொலினாய்டு அதைச் செய்யாது. இதற்காகத்தான் காந்தம்.

ஆனால் எலக்ட்ரான்கள் சேர நேரம் எடுக்கும். ஹைட்ரஜன் அழுத்தம் மில்லிபாரில் லட்சத்தில் ஒரு பங்கு என்று வைத்தால், கணக்குப்படி சுமார் 65 மைக்ரோ நொடி. தொடர்ச்சியான கற்றைக்குக் கவலையில்லை. துடிப்பாக இயக்கப்போகிறீர்கள், அதுவும் 100 மைக்ரோ நொடித் துடிப்பு என்றால், பாதிக்கு மேல் துடிப்பு தவறான குவிதலோடு வாசலுக்கு வரும். அப்படியானால் மூலத்திலிருந்து நீளமான துடிப்பை எடுத்து, நிலைபெற்ற பகுதியை மட்டும் பின்னால் வெட்டி எடுங்கள். வாயுவை அதிகமாக விட்டால் சீக்கிரம் அடங்கும், ஆனால் அதற்கும் விலை உண்டு: புரோட்டான் வழியில் ஒரு எலக்ட்ரானைப் பிடித்துக்கொண்டு மின்னூட்டம் இல்லாத அணுவாகிவிடும், எந்தக் காந்தத்துக்கும் கட்டுப்படாது. நான் சொன்ன அழுத்தத்தில் இந்த இழப்பு ஒரு சதவீதத்துக்கும் கீழே. பத்து மடங்கு ஏற்றினால் வலிக்கும். பிரான்ஸின் சக்லேயில் சில்ஹி என்ற மூலத்தின் கற்றைக் குழாயில் கொஞ்சம் கிரிப்டான் வாயுவை விட்டபோது எமிட்டன்ஸ் நன்றாகக் குறைந்தது. கனமான வாயு குறைந்த அளவிலேயே எலக்ட்ரான்களைத் தாராளமாகக் கொடுக்கும். முதல் நாளே வேண்டாம். ஆனால் அதற்கு ஒரு ஊசி வால்வு துளையை மட்டும் குழாயில் விட்டுவையுங்கள்.

ஆர்எஃப்க்யூவின் வாயருகே கடைசிச் சில சென்டிமீட்டரில் இந்த எலக்ட்ரான்களை ஆர்எஃப்க்யூவின் புலமே உறிஞ்சிக்கொள்ளும். அந்த இடத்தில் கற்றை மறுபடியும் விலக்கத்தின் முழு வேகத்தில் இருக்கும். அதனால் இரண்டாவது சொலினாய்டை வாசலுக்கு எவ்வளவு நெருக்கமாக வைக்க முடியுமோ அவ்வளவு நெருக்கமாக வையுங்கள். வாயின் முன் கூம்பு வடிவில் ஒரு எதிர் மின்னழுத்த எலக்ட்ரோடை வைத்தால் எலக்ட்ரான்கள் குழாய்ப் பக்கமே நிற்கும். சிமுலேஷன் செய்யும்போது முழுக் குழாய்க்கும் ஒரே "95 சதவீதம்" என்று போட்டுவிடும் பழக்கம் பலரிடம் உண்டு. அந்தக் கணக்கு இந்த இடத்தில்தான் ஏமாற்றும்.

இப்போது மூலத்தின் வாய்க்கு வருவோம். பிளாஸ்மாவிலிருந்து அயனிகளை உறிஞ்சி எடுக்கும் இடம். அங்கே பிளாஸ்மாவுக்கும் வெற்றிடத்துக்கும் இடையே உள்ள எல்லை ஒரு நீர்த்துளியின் மேற்பரப்பு போல வளைந்திருக்கும். அதன் வளைவுதான் கற்றையின் முதல் லென்ஸ். பிளாஸ்மா அடர்ந்திருந்தால் அது வெளியே பிதுங்கும், கற்றை விரியும். பிளாஸ்மா மெலிந்திருந்தால் உள்ளே குழியும், கற்றை அதிகமாகக் குவிந்து பிறகு சிதறும். ஒரு மின்னழுத்தத்திலும் இடைவெளியிலும் அதிகபட்சம் எவ்வளவு மின்னோட்டம் எடுக்கலாம் என்று சொல்வது சைல்டு–லாங்மியூர் விதி. அது சொல்லும் அடர்த்திக்கு அருகே நின்றால் அளவாகக் குழிந்து நிற்கும்.

எண் போட்டுப் பார்ப்போம். மூலத்திலிருந்து வருவதில் 80 சதவீதம் புரோட்டான் என்று வைத்தால் மொத்தம் 12.5 மில்லி ஆம்பியர் எடுக்க வேண்டும். சதுர செ.மீ.க்கு 60 மில்லி ஆம்பியர் தரும் மூலம் என்றால் 5 மி.மீ.க்குச் சற்றுக் கூடுதலான விட்டமுள்ள துளை போதும். 50 கிலோவோல்ட்டுக்கு 30 மி.மீ. இடைவெளி விட்டால் விதியின் எல்லை சதுர செ.மீ.க்குச் சுமார் 68 மில்லி ஆம்பியர். நம் 60 அதற்குக் கொஞ்சம் கீழே, நல்ல இடம். மின்பொறி பாயும் பயமும் இந்த இடைவெளியில் குறைவு. ஆனால் சோதனையின்போது பயந்துகொண்டு 40 கிலோவோல்ட்டில் இயக்கினால் எல்லை 48-க்கு விழுந்துவிடும். மின்னழுத்தத்தின் ஒன்றரை அடுக்கு விதி அது. பிளாஸ்மா பிதுங்கி, கற்றை எலக்ட்ரோடையே போய் அடிக்கும். குறைந்த மின்னழுத்தத்தில் "பாதுகாப்பாக" சோதிக்க வேண்டுமென்றால் பிளாஸ்மாவின் திறனையும் கூடவே குறைக்க வேண்டும். இடைவெளியை நகர்த்தும் வசதியோடு வடிவமைத்தால் இன்னும் நல்லது.

எலக்ட்ரோடு இரண்டு போதாது, மூன்று வையுங்கள். பிளாஸ்மாவை ஒட்டியது +50 கிலோவோல்ட்டில், கடைசியானது தரையில், நடுவிலுள்ளது −2 அல்லது −3 கிலோவோல்ட்டில். நடுவிலுள்ள எதிர் மின்னழுத்தம் இல்லாவிட்டால், மேலே கஷ்டப்பட்டுச் சேர்த்த எலக்ட்ரான்கள் 50 கிலோவோல்ட்டில் முடுக்கப்பட்டு மூலத்துக்குள் திரும்பிப் பாயும். மூலத்தின் பின்சுவரைத் துளைக்கும், எக்ஸ் கதிரையும் உமிழும்.

அப்புறம்தான் மூலம். உங்கள் தேவைக்கு 2.45 கிகாஹெர்ட்ஸ் மைக்ரோவேவ் மூலம் என்பேன். சமையலறை மைக்ரோவேவ் அடுப்பின் அதே அதிர்வெண்தான், எனவே அந்த அலையை உருவாக்கும் மேக்னட்ரான் எளிதில் கிடைக்கும். எலக்ட்ரான் சுழற்சியோடு ஒத்திசைய 875 காஸ் காந்தப் புலம் வேண்டும். நிரந்தரக் காந்தங்களாலேயே அதைத் தரலாம். உள்ளே எரிந்துபோக இழை எதுவும் இல்லை. 100 மில்லி ஆம்பியரைத் தாண்டிய சில்ஹி இந்த வகை. ஸ்வீடனின் லுண்டில் உள்ள ஐரோப்பிய நியூட்ரான் மையத்துக்காக இத்தாலியின் கத்தானியாவில் கட்டிய மூலமும் இதே வகைதான். கேத்தோடு வைத்து இயங்கும் டூவோபிளாஸ்மட்ரான் என்ற மூல வகை மோசம் என்று சொல்ல மாட்டேன். லினாக் 2 அதை வைத்துக்கொண்டு 2018 வரை லார்ஜ் ஹாட்ரான் கொலைடருக்குப் புரோட்டான் ஊட்டியது. இருந்தாலும் அதன் கேத்தோடைப் பராமரிக்க அனுபவமுள்ள கை வேண்டும்.

உங்கள் பேராசிரியர் யாராவது "எதிர் மின்னூட்ட ஹைட்ரஜன் அயனியை (ஒரு எலக்ட்ரான் கூடுதலாக உள்ளது) எடுக்கலாமே" என்று கேட்கக்கூடும். செர்னின் லினாக் 4 அதைத்தான் செய்கிறது: 45 கிலோ எலக்ட்ரான்வோல்ட்டில் மூலம், ஆர்எஃப்க்யூவில் 3 மெகா, முடிவில் 160 மெகா எலக்ட்ரான்வோல்ட். காரணம், பின்னால் ஒரு வளைய முடுக்கி இருக்கிறது. எதிர் அயனியை வளையத்துக்குள் கொண்டுவந்து மெல்லிய கார்பன் தாளில் இரண்டு எலக்ட்ரானையும் உரித்தால், ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் புரோட்டான்களின் அதே இடத்திலேயே புதியவற்றையும் அடுக்க முடியும். பஞ்சு மூட்டை விதியை ஏமாற்ற இருக்கும் ஒரு நேர்மையான வழி. உங்களிடம் வளையம் இல்லையென்றால் அந்தத் தலைவலி தேவையில்லை: அயனியோடு சேர்ந்து வரும் எலக்ட்ரான் வெள்ளத்தைக் காந்தத்தால் வளைத்துக் கொட்ட வேண்டும், நல்ல மின்னோட்டத்துக்குச் சீசியம் வேண்டும்.

கன அயனிக்குப் போனால் கதையே மாறும். செர்னின் லினாக் 3-இல் ஈயத்தைச் சிறு அடுப்பில் ஆவியாக்கி 14.5 கிகாஹெர்ட்ஸ் மூலத்தில் 29 எலக்ட்ரான்கள் உரிந்த அயனிகளை எடுக்கிறார்கள். அங்கே மின்னோட்டம் மைக்ரோ ஆம்பியர் கணக்கு, விலக்கம் பெரிய பிரச்சினை இல்லை. கூடவே வரும் 27, 28, 30 என்ற மற்ற மின்னூட்டங்களையும் ஆக்சிஜனையும் பிரிப்பதுதான் வேலை. அதற்கு 135 டிகிரி வளைக்கும் நிறமாலைக் காந்தம் வேண்டும். ஒரே பெயர், ஒரே இடம், வேறு வடிவமைப்பு. இணையத்தில் கிடைக்கும் வரைபடத்தை அப்படியே எடுப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

வெற்றிடம். மூலத்துக்கு நிமிடத்துக்கு 2 கன செ.மீ. ஹைட்ரஜன் விட்டால், அதில் நூற்றுக்கு ஐந்து பங்குகூடக் கற்றையாக மாறாது. மீதி முழுவதையும் பம்பு இழுக்க வேண்டும். மேலே சொன்ன அழுத்தத்துக்கு, ஹைட்ரஜனுக்கு நொடிக்கு 3,000 லிட்டருக்கு மேல் இழுக்கும் திறன் தேவை. "ஹைட்ரஜனுக்கு" என்பதை அடிக்கோடிடுங்கள்: டர்போ பம்புகளின் பெட்டியில் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் நைட்ரஜன் எண். ஆர்எஃப்க்யூவுக்கு இதைவிட நூறு மடங்கு நல்ல வெற்றிடம் வேண்டும், எனவே நடுவில் ஒரு குறுகிய துளையும் இரு பக்கமும் தனித்தனிப் பம்புகளும்.

மூலம் முழுவதும் 50 கிலோவோல்ட்டில் மிதக்கும். அதன் மின்சாரம் தனிமைப்படுத்தும் மின்மாற்றி வழியாகவும், கட்டளைகள் ஒளியிழை வழியாகவும் போகட்டும். மைக்ரோவேவ் மேக்னட்ரானைத் தரையிலேயே வைத்து, அலைவழிக் குழாயில் ஒரு மின்காப்பு இடைவெளி விடலாம். வாயுவில்தான் பலர் வழுக்குவார்கள். நான் முன்பு வேலை செய்த ஒரு ஆய்வகத்தில் தரையிலிருந்த சிலிண்டரிலிருந்து அழுத்தம் குறைத்த ஹைட்ரஜனை நைலான் குழாயில், மூலம் நிற்கும் உயர் மின்னழுத்த மேடைக்குக் கொண்டுபோனோம். 20 கிலோவோல்ட்டைத் தாண்டியதும் குழாய் முழுக்க இளஞ்சிவப்பாக ஒளிர்ந்தது. பார்க்க அழகு, மின்வழங்கி போயிற்று. குறைந்த அழுத்த வாயு நல்ல கடத்தியாகிவிடும். சின்ன சிலிண்டரை மேடைமேலேயே வையுங்கள்; அல்லது முழு அழுத்தத்தில் கொண்டுபோய் மேடைமேல் குறையுங்கள்.

சிமுலேஷனைப் பற்றி நிறைய எழுத ஒன்றுமில்லை. வெளியெடுக்கும் பகுதிக்கு, பின்லாந்தின் யுவாஸ்குலாவில் உருவான ஐபிசிமு என்ற நிரல் இலவசமாகக் கிடைக்கிறது. குழாய்க்கும் ஆர்எஃப்க்யூவுக்கும் சக்லேயின் டிரேஸ்வின் போதும். மேலே சொன்ன கைக்கணக்கோடு விடை இரண்டு மடங்குக்கு மேல் மாறினால் நிரலில் எதையோ தவறாகக் கொடுத்திருக்கிறீர்கள்.

இரண்டு விஷயத்தில் பிடிவாதமாக இருங்கள். ஒன்று, கற்றையின் திறன். 10 மில்லி ஆம்பியரும் 50 கிலோவோல்ட்டும் 500 வாட், 5 மி.மீ. ஆரத்தில் விழுந்தால் சதுர செ.மீ.க்கு 600 வாட்டுக்கு மேல். தண்ணீர் ஓடாத எதன்மீதும் தொடர்ச்சியான கற்றையை விடாதீர்கள். முதல் மாதம் குறுந்துடிப்புகள் போதும். இரண்டு, டியூட்டீரியம் என்ற கன ஹைட்ரஜன். யாராவது "வாயுவை மாற்றிப் பார்க்கலாமா" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். அது செம்பில் பதிந்து, அடுத்து வருவதோடு இணைந்து, இந்தக் குறைந்த ஆற்றலிலேயே நியூட்ரான் உமிழும். எக்ஸ் கதிருக்கான ஈயத் தடுப்பு நியூட்ரானுக்குப் பயன்படாது. இந்தியாவில் என்றால் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதிகளை வரைபட நிலையிலேயே பார்த்துவிடுங்கள்.

இயக்கிப் பார்க்கும்போது ஆர்எஃப்க்யூவை இணைக்காமல், அதன் வாய் வரவேண்டிய அதே இடத்தில் ஒரு எமிட்டன்ஸ் அளவியையும், கற்றையைப் பிடித்து மின்னோட்டத்தை அளக்கும் ஃபாரடே கோப்பையையும் வையுங்கள். கோப்பையின் முன் எதிர் மின்னழுத்த வளையம் இல்லாவிட்டால், உலோகத்திலிருந்து தெறிக்கும் எலக்ட்ரான்களும் கணக்கில் சேர்ந்து 10 மில்லி ஆம்பியரை 14 என்று காட்டும். குழுவே கேக் வெட்டிக் கொண்டாடியதை நான் பார்த்திருக்கிறேன். இரண்டு சொலினாய்டுகளின் மின்னோட்டத்தையும் ஒரு கட்டம் போட்டு மாற்றி மாற்றி, ஒவ்வொரு இடத்திலும் எமிட்டன்ஸைப் பதிவு செய்யுங்கள். அந்த வரைபடத்தில் ஆர்எஃப்க்யூக்காரர்கள் கொடுத்த எண்கள் எங்காவது விழுகின்றனவா என்று பாருங்கள். விழுந்தால் ஆர்எஃப்க்யூவைக் கொண்டுவந்து பொருத்தலாம். விழாவிட்டால், முதலில் குழாயின் அழுத்தத்தை மாற்றிப் பாருங்கள். காந்தத்தை நகர்த்துவதெல்லாம் அதற்குப் பிறகு.